மலையில் விளங்கிய பிரெஞ்சு

1

இந்த மாதத்தோடு நான் பாரிசுக்கு வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. கணவர் சிவம் எனக்கு ஐந்து வருடம் முன்னரே வந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தும் கனகாலம். மகள் அபிநயா இங்கேயே பிறந்தவள். வீட்டில் பத்து வருட வதிவிட அட்டையோடு திரிகிறவள் நான் ஒருத்திதான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் விறுவிறென்று போய்விடுவார்கள். நான் மற்ற வரிசையில் நின்று, கைவிரல் அடையாளம் கொடுத்து வெளியே வரும்வரை பெட்டிகளுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

போன வருடம் அபி ஒரே பிடியாக நின்றாள். “அம்மா, இந்த முறை குடியுரிமைக்குப் போடத்தான் வேணும். நான் எல்லாம் நிரப்புறன், நீங்க கையெழுத்து மட்டும் வையுங்கோ.” நிரப்பினாள். அத்தாட்சிப் பத்திரங்களை மொழிபெயர்ப்பித்து இணையத்தில் ஏற்றினாள். இலையுதிர்காலத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கேள்வி கேட்டவர் அபியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மரியாதையான பெண். குடியரசின் மூன்று சொற்களைக் கேட்டார், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சொன்னேன். ஆறுகளின் பெயர்களைக் கேட்டார், அபி பாடமாக்கித் தந்ததில் நான்கைச் சொன்னேன். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா கதைப்பதுபோல, பாரிசுக்கு வெளியே பிரான்சில் எங்கெங்கே போயிருக்கிறீர்கள் என்றார். லூர்து மாதா கோயில் என்றேன். நாங்கள் சைவம், ஆனாலும் எங்கள் சனம் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து அங்கே போகும். “வேறு? கடல், மலை?” என்று அவர் கேட்டார்.

இந்த மொழியில் கடலுக்கும் தாய்க்கும் ஒரே ஓசை. எனக்குத் தாய் என்றுதான் கேட்டது. “அவ செத்துப்போனா. ஆறு வருசம். நான் போக முடியவில்லை” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண் சிறிது நேரம் என்னையே பார்த்தார். ஆழ்ந்த அனுதாபங்கள் என்றார். பிறகு பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

திரும்பி வரும் ரயிலில், சன்னலோரம் ஒட்டியிருந்த விடுமுறை விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்ததுபோல் விளங்கியது.

முடிவு ஜனவரியில் வந்தது. அந்த இணையக் கணக்கு அபியின் கையில் இருந்ததால், அவள் படிக்கும் மலையடி நகரமான கிரெனோபிளில் இருந்து அவள்தான் திறந்து வாசித்தாள். இரண்டு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் கதைக்கவும் விளங்கவும் எனக்கு இன்னும் போதிய தகைமை இல்லையாம். நாட்டோடு பழக்கமும் குறைவாம்.

2

நான் ஊரில் ஆசிரியையாக இருந்தவள். கலியாணத்துக்கு முன் இரண்டரை வருடம், யாழ்ப்பாணத்தில் ஒரு மகளிர் பாடசாலையில் தமிழ் படிப்பித்தேன். நாற்பது பிள்ளைகள் இரைந்துகொண்டிருக்கும் வகுப்பை ஒரு வசனத்தால் அடக்கத் தெரியும். கூட்டங்களில் நன்றியுரை சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இங்கே என்னைத் தெரிந்த ஒருவருக்கும் இது தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே விடிய ஐந்து மணிக்கு, நாங்கள் இருக்கும் புறநகரான கார்ஜ் நிலையத்தில் ரயில் ஏறுகிறேன். ஒரு கட்டடத்தில் மூன்று மாடி அலுவலகங்களைத் துடைத்து, குப்பைக் கூடைகளைக் கொட்டி, ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன் வெளியேறிவிட வேண்டும். “போன்ஜூர்” என்ற சொல்லுக்குமேல் எனக்கு அங்கே தேவைப்பட்டதில்லை. மரக்கறி வாங்கத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் போனால் எல்லாம் எங்கள் கதைதான். “அக்கா, முருங்கக்காய் நேற்று வந்தது, எடுங்கோ” என்பார்கள். சிவம் வேலை செய்வதும் அங்கே ஒரு பலசரக்குக் கடையில்தான். வீட்டுக்கு வந்தால் தமிழ்த் தொலைக்காட்சி. ஒரு முழுக் கிழமையில் பிரெஞ்சில் நான் பேசிய வசனங்களைப் பத்து விரலுக்குள் அடக்கலாம்.

பேச வேண்டி வந்த இடங்களில் அபி பேசினாள். வைத்தியரிடம், வங்கியில், வீட்டு வாடகை அலுவலகத்தில், தன் பள்ளிக்கூடத்திலேயே தன்னைப் பற்றித் தன் ஆசிரியர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்ததும் அவள்தான். எட்டு ஒன்பது வயதில் மேசைக்கு மேலே தலை மட்டும் தெரிய நின்றுகொண்டு, “அம்மாவுக்கு எங்கை நோகுது எண்டு கேக்கினம்” என்பாள். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

3

முடிவை வாசித்துக் காட்டிய அன்றே அபி சொன்னாள்: “மலை பாக்கேல்லை எண்டுதானே எழுதியிருக்கினம். வாங்கோ. நான் காட்டுறன்.”

“அப்பிடி எழுதேல்லைப் பிள்ளை.”

“அப்பிடித்தான். பெப்ரவரியிலை ஒரு சனிக்கிழமை வாங்கோ. பனியிலை நடக்கலாம். மேலை போனால் மோன் பிளாங் மலை தெரியும். படம் எடுத்து அடுத்த நேர்முகத்திலை காட்டுங்கோ.”

மூன்று வருடமாக அவள் கிரெனோபிளில் படிக்கிறாள். ஒருநாளும் என்னை வரச் சொன்னதில்லை. நான் வேலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். சிவத்துக்குச் சனிக்கிழமை கடையை விட்டு அசைய முடியாது. அபி தொலைபேசியில், பனியில் நடக்கக் காலில் கட்டுவதற்கு ‘ராக்கெத்’ வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னபோது அவர் பக்கத்தில் இருந்து, “என்ன, ரொக்கட்டிலையோ போகப் போறியள்?” என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம். கனநாளைக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே விசயத்துக்குச் சிரித்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரோல்ஸும் கட்லட்டும் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். கிரெனோபிள் நிலையத்தில் அபியோடு கிளெமோன் நின்றான். நெடுவல், தாடி வைத்த பொடியன். “என்ரை பிரெண்ட் அம்மா, கார் இவன்ரை” என்றாள். நான் தலையாட்டினேன். அவன் வெறும் நண்பன் இல்லை என்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

4

காலையில் எழும்பும்போதே வானம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. “மேலை போகப் போக வெளிக்கும்” என்றாள் அபி. ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி, காடு தொடங்கும் இடத்தில் காரை விட்டோம். கிளெமோன் தன் தாயாரின் சப்பாத்துகளை எனக்குக் கொண்டுவந்திருந்தான். அவை என் காலுக்கு மூன்று அளவு பெரியவை. உள்ளே இரண்டு சோடி காலுறை போட்டும் குதி மேலும் கீழும் ஆடியது. அதற்குமேல் அந்த ராக்கெத்தைக் கட்டினார்கள். வாத்துபோல் காலை அகட்டி வைத்து நடக்க வேண்டும். நடந்தேன்.

இருபத்தாறு வருடத்தில் பனியைப் பார்க்காதவள் இல்லை நான். கார்ஜில் அது விழுந்து ஒரு மணித்தியாலத்தில் சேறாகிவிடும். இங்கே அது முழங்கால் அளவுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. முதல் அரை மணி நேரம் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அபி முன்னால் நடந்து, திரும்பித் திரும்பி, “வடிவா இருக்குதா அம்மா?” என்று கேட்டாள். “நல்ல வடிவு” என்றேன். ஊசியிலை மரங்களின் கிளைகள் பாரத்தில் தொங்கிப்போய் நின்றன.

பிறகு பனிமூட்டமாகப் புகார் இறங்கியது. முதலில் மரங்களின் உச்சி மறைந்தது, பிறகு மரங்களே மறைந்தன. பத்து அடிக்கு அப்பால் எதுவும் இல்லை. ஈரக் காற்று கழுத்துக்குள் புகுந்தது. என் வலது குதி உரிந்துவிட்டதை உணர்ந்தேன். சொல்லவில்லை. அபி இந்த நாளுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒரு மரக்கட்டையில் இருந்து சாப்பிட்டோம். நான் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அபியின் முகம் சுருங்கியது. “அம்மா, நாங்க சான்ட்விச் செய்து கொண்டு வந்தனாங்கள். சொன்னனான் எல்லே.” கிளெமோன் மட்டும் குளிர்ந்து விறைத்த ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டு நன்றி சொன்னான். எதிரே நடந்து வந்த ஒரு வயோதிபத் தம்பதியிடம் மேலே எப்படி என்று அபி கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை, நாங்கள் திரும்பிவிட்டோம் என்றார்கள். “இன்னும் ஒரு மணித்தியாலம்தான் அம்மா, போவம்” என்று அபி எழும்பினாள்.

அதற்குப் பிறகு என்னால் அவர்களோடு நடக்க முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் குதி எரிந்தது. அவர்கள் நின்று காத்திருப்பார்கள். நான் கிட்ட வந்ததும் நடக்கத் தொடங்குவார்கள். எனக்கு நின்று மூச்சு எடுக்கும் நேரம் கிடைக்காது. ஒரு திருப்பத்தில் அவர்கள் புகாருக்குள் மறைந்தார்கள். நான் நின்றேன். குரல்கள் மட்டும் கேட்டன. பனியில் வேறு சத்தம் இல்லாததால், பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டன.

பிரெஞ்சில்தான் கதைத்தார்கள். கிளெமோன், “மெதுவாகக் கதை, அம்மா பின்னால் வருகிறார்” என்றான்.

“எல் கொம்ப்ரோம் பா” என்றாள் அபி. அவவுக்கு விளங்காது.

பிறகு சொன்னாள்: “மேலே போய் அந்த மலையைக் காட்டி, அவர் சந்தோசமாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இந்தப் புகாருக்குள் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது, மொன்றியலுக்குப் போகிறேன், மூன்று வருடம் என்று?”

“காரில் சொல்லேன்.”

“காரில் அழுவார். அழுதால் நான் போகமாட்டேன், எனக்குத் தெரியும். அவரோடு இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, கிளெமோன். எட்டு வயதிலிருந்து அவருக்காக நான்தான் வாய் திறக்கிறேன். களைத்துவிட்டது. அவரோடு வெளியே போனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு, வெட்கப்பட்டதை நினைத்து வெட்கமாக இருக்கிறது.”

5

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அபியின் பிரெஞ்சு எனக்கு விளங்கும். அதிகாரிகளின் பிரெஞ்சு, வைத்தியர்களின் பிரெஞ்சு, ரயில் அறிவிப்பு, இவற்றில் பாதி தப்பிவிடும். பயத்தில் மீதியும் போய்விடும். ஆனால் அபி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளில் இருந்து இந்த மொழியை அவளுடைய வாயில் இருந்துதான் கேட்டேன். முதலில் பொம்மைகளோடு கதைத்தாள். பிறகு சிநேகிதிகளோடு தொலைபேசியில் கதைத்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, குசினிக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்காக, ஒளிவுமறைவே இல்லாமல் கதைப்பாள். கிரெனோபிளுக்குப் போன பிறகும், விடுமுறைக்கு வந்து நின்றால் அப்படித்தான். அம்மாவுக்கு விளங்காது என்று அவள் நம்பினாள். நான் அதைத் திருத்தவில்லை.

என்னோடு தமிழில் கதைக்கும்போது பசி, குளிர், சோதனை, இவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வரும். பிரெஞ்சில்தான் அவள் முழு ஆளாக இருந்தாள். எந்தச் சிநேகிதியோடு கோபம், எந்த ஆசிரியர் மனத்தை நோகடித்தார், மாக்சிம் என்ற பொடியன் ஏன் அவளை விட்டுப் போனான், கிளெமோன் எப்படி வந்தான், எல்லாவற்றையும் அந்தக் குசினியில் நின்றுதான் அறிந்தேன். மாக்சிம் போன கிழமை அவளுக்குப் பிடித்த சாப்பாடாகத் தினமும் சமைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளை கதைப்பதை ஒளித்துக் கேட்பது பிழை என்று எனக்குத் தெரியும். வேறு வழியில் அவளை எனக்குத் தெரிந்திருக்காது.

அன்று புகாருக்குள் நின்றபோது, வழமைபோல் பேசாமல் இருந்திருக்கலாம். இருமிக்கொண்டு, ஒன்றும் கேளாதவள்போல் போய் நின்றிருக்கலாம். இதற்கு முன் எத்தனையோ தரம் அப்படிச் செய்தவள்தான். ஆனால் கால்கள் நடந்துவிட்டன. அவர்கள் கிட்டப் போனேன். அபி சிரித்த முகத்தைப் போட்டுக்கொண்டு, “களைச்சுப் போனீங்களா அம்மா?” என்றாள்.

“தூ பார் கோன்?” என்று கேட்டேன்.

நீ எப்ப போறாய். மூன்றே சொல். என் வாழ்க்கையில் அவளோடு நான் பேசிய முதல் பிரெஞ்சு வசனம் அது. பிழையில்லாமல் வந்தது.

கிளெமோன் குனிந்து தன் காலில் கட்டியிருந்ததை இறுக்கத் தொடங்கினான். அபியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஏப்ரல் மாசம் அம்மா” என்று தமிழில் சொன்னாள்.

“சரி” என்றேன். “காணும், இறங்குவம். எனக்குக் கால் உரிஞ்சு போச்சு.”

மலையை ஒருவரும் பார்க்கவில்லை. கீழே வரவும் மழை தொடங்கியது. காருக்குள் இருந்து சப்பாத்தைக் கழற்றியபோது இரண்டு காலுறையும் குதியோடு ஒட்டியிருந்தன. அபி பையில் இருந்து மருந்தை எடுத்து, முன்னால் முழங்காலில் இருந்து, ஈரத்துணியால் நனைத்து நனைத்து அவற்றைப் பிரித்தாள். மழை அவளின் முதுகில் விழுந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதி வழியில்தான் கேட்டாள். “எப்ப இருந்து விளங்கும்?”

“நீ சின்னனிலை இருந்து.”

“எல்லாமோ? மாக்சிமோடை கதைச்சதும்?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ கதைக்கமாட்டாய்.”

பிறகு அவள் கேட்டது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. “விளங்கினதெண்டால் பிறகேன் என்னைக் கதைக்க வைச்சனீங்கள்? டாக்குத்தரிட்டை, வங்கியிலை, எல்லா இடத்திலையும்? நான் சின்னப் பிள்ளை அம்மா.”

“விளங்கிறது வேறை, கதைக்கிறது வேறை” என்றேன். அது உண்மை. ஆனால் சொல்லும்போதே அது அவளுக்குப் போதாது என்று தெரிந்தது. வாயைத் திறந்து நாலு பேருக்கு முன்னால் பிழையாகப் பேசுவதற்கு, நன்றியுரை சொன்ன அந்த ஆசிரியைக்கு வெட்கம். என் வெட்கத்தை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் தூக்கி வைத்தேன் என்பதை அந்தக் காரில்தான் முதல்முதலாக நினைத்துப் பார்த்தேன். அதைத் தமிழில்கூட அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை கார்ஜ் வந்து சேர்ந்தபோது, “மலை எப்பிடி?” என்று சிவம் கேட்டார்.

“புகார். ஒண்டும் தெரியேல்லை.”

மொன்றியல் கதையைச் சொன்னேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “கனடாவிலை எங்கடை சனம் இருக்குத்தானே. சித்தப்பாவின்ரை மகன் ரொறொன்ரோவிலை” என்றார்.

“அது வேறை இடம், இது வேறை இடம்.”

“எண்டாலும்” என்றார்.

ஏப்ரலில் பயணத்துக்கு முன் அபி ஒரு கிழமை எங்களோடு வந்து நின்றாள். நல்ல பிள்ளையாக இருந்தாள். லாச்சப்பல் கடைகளுக்கு என்னோடு வந்து பைகளைத் தூக்கினாள். சண்டை இல்லை, முகம் நீட்டவில்லை. ஆனால் தொலைபேசி அடித்தால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். முதல் நாள் படிக்கட்டில் நின்று கதைத்தாள். மறுநாளில் இருந்து கீழே, கார்த் தரிப்பிடத்துக்கு அப்பால் போய் நின்றாள். நான் குசினி யன்னலால் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள், ஒருமுறை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாலாம் மாடிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அந்த ஏழு நாளும் எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்றியலில் இருந்து தொலைபேசி எடுக்கிறாள். தமிழில்தான் கதைக்கிறாள், வலு கவனமாக. “சாப்பிட்டீங்களா? அப்பா எப்பிடி இருக்கிறார்? இஞ்சை குளிர்.” அவளிடம் உள்ள தமிழுக்குள் எது அடங்குமோ அதைச் சொல்கிறாள். கிளெமோன் கூடப் போனானா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் பிரெஞ்சில் கேட்டுப் பார்த்தேன். “அம்மா, தமிழிலை கதையுங்கோ” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

செப்டெம்பரில் இருந்து புதன்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். பாரிசின் ஸ்டாலின்கிராட் நிலையத்தின் பக்கம், பாலத்துக்கு மேலே மெட்ரோ இரைந்துகொண்டு போகும் தெருவில் ஒரு சங்கத்தின் அறை. பன்னிரண்டு பேர். படிப்பிப்பவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, பொறுமைசாலி. போன கிழமை எல்லோரையும் வட்டமாக இருத்தி, வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு வசனம் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. வீட்டில் என் மகள் பிரெஞ்சு பேசுகிறாள் என்று தொடங்கினேன். நடுவில் நின்று, பேசினாள் என்று திருத்தினேன். பலகாலம் வழக்கமாக இருந்து முடிந்துபோன ஒன்றைச் சொல்ல இந்த மொழியில் ஒரு தனி இறந்தகாலம் உண்டு. அது என் வாயில் தானாக வந்தது.

ஆசிரியைக்கு மெத்தச் சந்தோசம். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். “இது நாங்கள் இன்னும் படிக்காத பாடமாச்சே. எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டார்.

“வீட்டில்” என்றேன்.

மிக நன்று என்றார். அடுத்தது என் பக்கத்தில் இருந்த வங்காளப் பெண்ணின் முறை.